எதிரில் இருப்பவருக்குத் தெரிவது நம் கண்ணுக்குள்ளும் வந்துவிடுகிறதா?

#1 சிலேட்டுப்பலகை

எல்லோருக்கும் வணக்கம். தொடக்கப்பள்ளியில் வேலை பார்க்கிறேன். வாசிப்பு நேரத்தில் பிள்ளைகளுக்கு எதிரே உட்கார்ந்துகொள்வேன். அவர்கள் நோட்டு எனக்குத் தலைகீழாக இருக்கும். அப்படியே பார்த்து ‘ண’வுக்குச் சுழி குறைகிறது, ‘ழ’வுக்குக் கீழே வால் போடவில்லை என்று சொல்லிவிட முடிகிறது. இதில் பழக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. நான் கேட்க வந்தது வேறு. எதிரில் ஒரு ஆள் இருப்பதே நாம் பார்ப்பதை மாற்றுகிறதா? யாரும் கேட்காமல், அதனால் நமக்கு ஒரு உபயோகமும் இல்லாதபோதுகூட?

இதைப் பற்றி உளவியலில் வருடக்கணக்காகப் பெரிய வழக்கே நடக்கிறது. சூடு பிடிக்க வைத்தது 2010-இல் டானா சாம்சன், இயன் ஏபர்லி குழுவினர் வெளியிட்ட ஆய்வு. கணினித் திரையில் ஓர் அறை. நடுவில் ஒரு பொம்மை மனிதர், இடது சுவரையோ வலது சுவரையோ பார்த்து நிற்கிறார். சுவர்களில் சிவப்பு வட்டங்கள். உனக்கு எத்தனை வட்டம் தெரிகிறது என்பது கேள்வி. பொம்மையின் முதுகுக்குப் பின்னாலும் வட்டம் இருந்தால், அதாவது நமக்குத் தெரியும் எண்ணிக்கையும் அவருக்குத் தெரியும் எண்ணிக்கையும் வேறுபட்டால், பதில் தாமதமாக வந்தது, தவறும் கூடியது. பொம்மைக்கு என்ன தெரிகிறது என்று ஒரு தடவைகூடக் கேட்காத சுற்றிலும் இதே கதைதான்.

அடுத்தது எனக்கு இன்னும் பிடித்த ஆய்வு. 2019-இல் ப்ளைமவுத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வார்ட், கானிஸ், பாக் மூவரும் செய்தது. படத்தில் ஒரு மேசை, அதன்மேல் ஓர் எழுத்து ஏதோ ஒரு கோணத்தில் கிடக்கிறது. அது சரியான எழுத்தா, கண்ணாடியில் தெரிவதுபோல் புரட்டிப் போட்டதா என்று சட்டென்று சொல்ல வேண்டும். எழுத்து நம்மைவிட்டு எவ்வளவு சாய்ந்து கிடக்கிறதோ அவ்வளவு நேரம் கூடும் என்பது 1970-களிலிருந்தே தெரிந்த விஷயம். இவர்கள் மேசையின் பக்கவாட்டில் ஒரு ஆளை உட்கார வைத்தார்கள். நமக்குச் சாய்ந்து கிடந்தாலும் அவருக்கு நேராக இருக்கும் எழுத்தை, ஆள் இல்லாத நேரத்தைவிடச் சீக்கிரமாகச் சோதனைக்கு வந்தவர்கள் அடையாளம் கண்டார்கள். அவர் இருக்கும் பக்கத்திலிருந்து பார்த்தமாதிரி!

இது உண்மை என்றுதான் நினைக்கிறேன். எவ்வளவு தூரம் உண்மை என்பதில்தான் உங்கள் கருத்து வேண்டும்.

#2 சந்தேகத்தேனீ

டீச்சர், நல்ல கேள்வி. ஆனால் இரண்டு ஆய்வுகளையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். ‘அவருக்கு என்ன தெரிகிறது’ என்பது ஒரு படி. ‘அவருக்கு அது எப்படித் தெரிகிறது’ என்பது அதற்கு மேல் படி. உளவியலாளர் ஜான் ஃபிளாவல் பல வருடங்களுக்கு முன்பே பிரித்துக் காட்டியது. வட்ட ஆய்வு முதல் படி, எழுத்து ஆய்வு இரண்டாம் படி.

முதல் படியில் எனக்கு நம்பிக்கை குறைவு. 2014-இல் சான்டியெஸ்டெபன், கேட்மர், பேர்ட், ஹேய்ஸ் ஆகியோர் பொம்மை மனிதரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஓர் அம்புக்குறியை வைத்தார்கள். தாமதம் அப்படியே வந்தது. அம்புக்குறிக்கு ஏது கண்? அது காட்டும் பக்கம் நம் கவனம் இழுபடுகிறது, மறுபக்க வட்டத்தை எண்ணக் கொஞ்சம் நேரம் ஆகிறது, அவ்வளவுதான். மூக்கும் முகமும் ஒரு பக்கம் திரும்பி நிற்கும் பொம்மையும் ஒரு வகை அம்புக்குறிதானே?

2016-இல் ஜெஃப் கோல் குழுவினர் இன்னும் நேரடியாகவே கேட்டார்கள். பொம்மைக்கும் வட்டங்களுக்கும் நடுவே தடுப்பு வைத்தார்கள். பொம்மைக்கு எதுவுமே தெரியாது. அப்போதும் விளைவு வந்தது. தெரியாத ஒன்றை அவர் ‘பார்ப்பதை’ நாம் எப்படிக் கணக்கில் எடுத்துக்கொள்ள முடியும்?

நியாயத்துக்கு மறுபக்கத்தையும் சொல்கிறேன். அதே 2016-இல் ஃபுர்லனெட்டோ குழுவினர் பொம்மைக்குக் கண்ணாடி மாட்டிவிட்டார்கள். ஒரு நிறக் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம், இன்னொரு நிறம் முழு இருட்டு. எந்த நிறம் எப்படிப்பட்டது என்று ஆட்களை முன்கூட்டியே மாட்டிப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். பார்க்க முடிகிற பொம்மைக்கு மட்டும்தான் விளைவு வந்தது. அடுத்த வருடம் கான்வே குழுவினர் அதே கேள்வியைச் சோதித்தபோது, பொம்மைக்குத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் விளைவு ஒன்றாகவே வந்தது. இன்றைக்கும் தீர்ப்பு வரவில்லை.

#3 எக்ஸ்ரே அறை

நான் கதிரியக்கப் படம் எடுக்கும் வேலையில் இருப்பவன். எங்கள் தொழிலில் இது தினசரிப் பிரச்சினை. நெஞ்சு எக்ஸ்ரேயை, நோயாளி நமக்கு எதிரே முகம் காட்டி நிற்பதுபோல் மாட்டிப் பார்ப்பது வழக்கம். ஆகவே படத்தின் இடது ஓரம் அவருடைய வலது பக்கம். புதிதாக வரும் மாணவர்களைப் பாருங்கள், படத்தின் இடது ஓரத்தைக் காட்டி ‘இடது நுரையீரல்’ என்பார்கள். இதயம் பெரும்பாலும் உடம்பின் இடப்புறம் சாய்ந்திருக்கும், படத்தில் அது நமக்கு வலப்புறம் தெரியும் என்று ஒரு பிடி கொடுத்தால்தான் நிமிர்கிறார்கள்.

அதனால் யாரும் மனதை நம்பி விடுவதில்லை. படம் எடுக்கும்போதே வலது, இடது என்று காட்டும் ஈய எழுத்தை வைத்து எடுக்கிறோம். அறுவை சிகிச்சைக்கு முன் எந்தப் பக்கம் என்று நோயாளியின் உடம்பிலேயே பேனாவால் குறியிட வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் அறுவை சிகிச்சைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலிலும் அது இருக்கிறது. அடுத்தவர் பக்கத்திலிருந்து பார்ப்பது தானாகவே நடக்கும் என்றால் இத்தனை ஏற்பாடு எதற்கு?

#4 சிலேட்டுப்பலகை

தேனீ, அம்புக்குறி விஷயத்தை ஏற்றுக்கொள்கிறேன். வட்டம் எண்ணும் சோதனையில் கவனத்தையும் பார்வையையும் பிரிக்கவே முடியாது. எண்ணிக்கை ஒரே தகவல், எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் மூன்று மூன்றுதான்.

எழுத்து ஆய்வு பிடித்ததற்குக் காரணமே அது. எழுத்து மேசை நடுவில், எல்லோர் கண்ணுக்கும் முன்னால் கிடக்கிறது. ஒரு பக்கம் கவனம் இழுபடுவதால் சாய்ந்த எழுத்து நிமிர்ந்துவிடாது. கோணத்தைப் பொறுத்து விளைவு மாறுகிறது என்றால், அவர் பக்கத்துத் தோற்றம் ஏதோ ஒரு வடிவில் நமக்குள் உருவாகிறது என்றுதான் பொருள். விளக்கு வைத்தும் பார்த்திருக்கிறார்கள். ஆள் இருந்த இடத்தில் மேசை விளக்கு. ஆளுக்கு வந்த அளவு விளைவு விளக்குக்கு வரவில்லை.

எக்ஸ்ரே அண்ணா, உங்கள் கேள்விக்குப் பதில் ஒன்று தோன்றுகிறது. படத்தில் ஆள் எங்கே? வெறும் நிழல்தானே. எதிரே உயிரோடு ஒருவர் நிற்கும்போதும் உங்கள் மாணவர்கள் அதே தவறைச் செய்கிறார்களா?

#5 எக்ஸ்ரே அறை

செய்கிறார்கள், ஆனால் குறைவு. நோயாளியிடம் ‘வலது கையை நீட்டுங்கள்’ என்று சொல்லும்போது சரியாகவே அந்தப் பக்கம் நகர்ந்து நிற்கிறார்கள். அதே மாணவர் பத்து நிமிடம் கழித்துப் படத்தைப் பார்த்து மாற்றிச் சொல்வார். இதை இந்தக் கோணத்தில் யோசித்ததில்லை. நல்ல கேள்வி, டீச்சர்.

#6 புதுமுகம்21

ஆசிரியர் பயிற்சி படிக்கிறேன். எங்கள் பாடத்தில் பியாஜே சொன்னது வருகிறது, ஏழு வயது வரை குழந்தைகளுக்குத் தன்மையப் போக்கு, பிறர் பார்வை புரியாது என்று. மூன்று மலைச் சோதனையும் வருகிறது. பெரியவர்களுக்கே தானாக நடக்கிறதா என்று நீங்கள் விவாதிக்கிறீர்கள். அப்போது குழந்தைகளுக்கு இது முற்றிலும் இல்லை என்று எழுதலாமா? தேர்வுக்கும் வேண்டும்.

#7 சிலேட்டுப்பலகை

எழுத வேண்டாம், தயவுசெய்து. இந்த ஒரு வரியால் எத்தனை பிள்ளைகளைத் தவறாக எடைபோட்டிருக்கிறோம்!

மூன்று மலைச் சோதனையில் குழந்தை ஒரு மாதிரியின் முன் உட்காரும். வேறோர் இடத்தில் வைத்த பொம்மைக்கு மலைகள் எப்படித் தெரியும் என்று படங்களிலிருந்து எடுத்துக் காட்ட வேண்டும். சின்னப் பிள்ளைகள் தங்களுக்குத் தெரியும் படத்தையே எடுத்தார்கள். சரி. ஆனால் அந்தச் சோதனை எவ்வளவு கடினம் என்று பாருங்கள். மூன்று மலை, முன் பின், இடம் வலம், எல்லாவற்றையும் சேர்த்துத் திருப்ப வேண்டும். இங்கே சில பெரியவர்களே திணறுவார்கள்.

எடின்பரோவில் மார்ட்டின் ஹியூஸ் வேறு மாதிரி கேட்டார். சிலுவை வடிவில் இரண்டு சுவர், ஒரு போலீஸ் பொம்மை, ஒரு பையன் பொம்மை. போலீஸ் கண்ணில் படாமல் பையனை ஒளித்துவை என்றார். மூன்றரை முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளின் பதில்களில் சுமார் 90 சதவீதம் சரி. இரண்டு போலீஸ் பொம்மைகள் வைத்தபோதும் சமாளித்தார்கள். ஒளிந்து விளையாடத் தெரிந்த பிள்ளைக்கு ஒளித்துவைக்கத் தெரியாதா என்ன?

தேனீ சொன்ன இரண்டு படிகள் இங்கேதான் உதவும். ஓர் அட்டையின் ஒரு பக்கம் பூனை, மறுபக்கம் நாய். எதிரில் இருப்பவருக்கு எது தெரியும் என்று கேட்டால் மூன்று வயதுப் பிள்ளை சொல்லிவிடும். ஆனால் ஆமைப் படத்தை நடுவில் கிடத்தி, ‘எனக்கு ஆமை நிற்கிறதா, மல்லாந்து கிடக்கிறதா?’ என்று கேட்டால் மூன்று வயதில் குழப்பம்தான். நாலு, ஐந்து வயதில் தெளிகிறது. ஆகவே தேர்வில், ‘என்ன தெரிகிறது என்பது முன்னால் வருகிறது, எப்படித் தெரிகிறது என்பது பின்னால் வருகிறது’ என்று எழுதுங்கள், ஹியூஸ் சோதனையையும் சேர்த்து.

#8 சலங்கை

பரதம் கற்றுக்கொடுக்கிறேன். சின்னப் பிள்ளைகளுக்கு எதிரே நின்று ‘வலது கை’ என்று சொல்லி என் வலது கையைத் தூக்கினால் பாதிப் பேர் இடது கையைத் தூக்குவார்கள். கண்ணாடியில் பார்ப்பதுபோல் செய்கிறார்கள். அதனால் எதிரே நின்றால் நான் இடது கையைத் தூக்கி ‘வலது’ என்பேன். புது அடவு என்றால் முதுகைக் காட்டி நின்று செய்து காட்டிவிடுவேன், வம்பே இல்லை.

இதில் எனக்கு ஒன்று புரியவில்லை. பிள்ளைகள் என் பார்வையை எடுத்துக்கொள்கிறார்கள் என்றால் வலது கையைத்தானே தூக்க வேண்டும்?

#9 சந்தேகத்தேனீ

சலங்கை அக்கா, பார்த்துச் செய்வதும் பார்வையை எடுத்துக்கொள்வதும் இரண்டு வேலை. பார்த்துச் செய்யும்போது ‘அந்தக் கை இருக்கும் பக்கத்துக் கை’ என்பதே பிள்ளைக்கு எளிது. உங்களுடைய வலதைத் தன்னுடைய வலதாக்க, உங்கள் இடத்துக்கு மனதளவில் சுற்றிப் போக வேண்டும்.

அந்தச் சுற்றுக்கு உடம்பும் துணை போகிறது என்பது ஆச்சரியம். கெஸ்லரும் தாம்சனும் 2010-இல் காட்டினார்கள். மேசையைச் சுற்றி ஒரு பொம்மை, அதற்கு ஒரு பொருள் இடமா வலமா என்று சொல்ல வேண்டும். கோணம் கூடக் கூட நேரம் கூடியது. நம் உடம்பைப் பொம்மை இருக்கும் திசைக்கு முன்கூட்டியே கொஞ்சம் திருப்பி உட்கார்ந்திருந்தால் வேகம் கூடியது, எதிர்ப்பக்கம் திருப்பியிருந்தால் குறைந்தது. ஆனால் கெஸ்லரும் ரதர்ஃபோர்டும் செய்த இன்னோர் ஆய்வில், ‘அது பொம்மைக்குத் தெரிகிறதா, மறைந்திருக்கிறதா’ என்று மட்டும் கேட்டால் உடம்பின் திருப்பம் ஒரு பொருட்டே இல்லை. இரண்டு படிகளுக்கும் உள்ளே நடக்கும் வேலையே வேறு என்பதற்கு இதைவிட நல்ல சான்று நான் படித்ததில்லை.

டீச்சருக்கு இன்னொன்று. 2009-இல் பார்பரா ட்வெர்ஸ்கியும் பிரிட்ஜெட் ஹார்டும் ஒரு புகைப்படம் காட்டினார்கள். மேசையில் புத்தகமும் பாட்டிலும். பாட்டிலுக்கு எந்தப் பக்கம் புத்தகம் என்பது கேள்வி. மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு மனிதர் இருந்தபோது சுமார் கால்வாசிப் பேர் அவருடைய இடம் வலத்தை வைத்துப் பதில் சொன்னார்கள். யாரும் அப்படிக் கேட்கவில்லை! கேள்வியிலேயே அவர் செய்யும் செயலைச் சேர்த்தபோது அந்த அளவு கூடியது. ஆனால் மீதிப் பேர் தங்கள் பக்கத்திலிருந்துதான் சொன்னார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

#10 கம்மாய்க்கரை

இடம் வலம் என்று இவ்வளவு அல்லாடுகிறீர்களே, எங்கள் ஊரில் இந்தச் சிக்கலே கிடையாது. ‘அந்தக் குடத்தைக் கொஞ்சம் வடக்காலே தள்ளு’, ‘தெக்காலே இருக்கிற மாட்டை அவிழ்த்துக் கட்டு’ என்றுதான் பேச்சு. எதிரே நின்றாலும் பக்கத்தில் நின்றாலும் வடக்கு வடக்குதான். யார் பார்வையையும் யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

#11 சந்தேகத்தேனீ

ஐயா, இது ஆய்வுக்கே போன விஷயம். நெதர்லாந்தில் இருக்கும் மேக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனம் 1990-களில் பல மொழிகளில் இடத்தைச் சொல்லும் முறையை ஒப்பிட்டது. அதில் தமிழ் உண்டு. எரிக் பெடர்சன் தமிழ்நாட்டில் ஆய்வு செய்து, கிராமத்துக்காரர்கள் கைக்கெட்டும் சின்னப் பொருளுக்குக்கூடத் திசை சொல்கிறார்கள், நகரத்துக்காரர்கள் இடம் வலம் சொல்கிறார்கள் என்று எழுதினார். ஒரே மொழிக்குள் இரண்டு பழக்கம். பேச்சோடு நிற்கவில்லை. ஒரு மேசையில் பொருட்களின் வரிசையைக் காட்டி, ஆளைத் திருப்பி வேறு மேசையில் அதே மாதிரி அடுக்கச் சொன்னால், திசை சொல்லிப் பழகியவர்கள் திசைப்படியே அடுக்கும் போக்கு பல மொழிகளில் தெரிந்தது.

ஆனால் ஒன்று. திசை தெரிந்தால் இடம் வலச் சண்டை தீரும். எதிரில் இருப்பவருக்கு எழுத்து தலைகீழாகத் தெரிகிறது என்பது தீராது.

#12 கம்மாய்க்கரை

சரிதான் தம்பி, எழுத்துக்கு வடக்கு தெற்கு உதவாது. ஆனாலும் உங்கள் எழுத்துச் சோதனையை இரண்டு விதமான ஆட்களிடமும் செய்து பார்க்கலாமே. நகரத்துக் கல்லூரிப் பிள்ளைகளை மட்டும் உட்கார வைத்து ‘மனிதர்கள் இப்படி’ என்று எழுதினால் எப்படி?

#13 நெடுஞ்சாலை

சரக்கு லாரி ஓட்டுகிறேன். படித்துக்கொண்டே வந்தேன். ஆம்புலன்ஸ் முன்பக்கம் பெயரைத் திருப்பி எழுதியிருப்பார்கள் இல்லையா, முன்னால் போகிறவன் கண்ணாடியில் நேராகத் தெரிய வேண்டும் என்பதற்காக. அதை எழுத வைத்தவர் என்னைப் போன்றவன் இருக்கையில் ஒரு நிமிடம் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். சாலையில் அப்படி யோசிப்பவர்கள் குறைவு. என் கண்ணாடியில் தெரியாத இடத்தில், லாரியின் இடப்பக்கம் ஒட்டி, இருசக்கர வண்டிகள் நிற்கும். அவர்களுக்கு நான் மலை மாதிரி தெரிகிறேன், அதனால் நானும் அவர்களைப் பார்க்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். என் கண்ணாடியில் என் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் நீங்கள் எனக்குத் தெரியமாட்டீர்கள். இதைப் பள்ளியிலேயே சொல்லிக்கொடுங்கள் டீச்சர்.

#14 சந்தேகத்தேனீ

நெடுஞ்சாலை அண்ணன் சொன்னதற்கு நேரான ஆய்வு உண்டு. 2003-இல் போவாஸ் கைசர் குழுவினர் செய்தது. இருவருக்கும் நடுவே பல அறைகள் உள்ள ஒரு தட்டு. சொல்பவர் ஒரு பக்கம், எடுத்து நகர்த்துபவர் மறுபக்கம். ஒட்டும் டேப் ஒன்றை நகர்த்துபவரே ஒரு பைக்குள் போட்டு மறைத்துவைக்கிறார், அது உள்ளே இருப்பது சொல்பவருக்குத் தெரியாது என்பதும் அவருக்குத் தெரியும். அப்புறம் சொல்பவர் ‘டேப்பை நகர்த்து’ என்கிறார். அவர் சொல்வது எல்லோருக்கும் தெரியும்படி இருக்கும் பாட்டு கேசட்டைத்தான், அதுவும் ‘டேப்’தானே. ஆனால் பலருக்குக் கண் பைக்குப் போனது, சிலர் பையையே நகர்த்தினார்கள். எல்லோரும் பெரியவர்கள்.

அடுத்தவர் பார்வை தெரிந்திருப்பது ஒன்று, தேவைப்படும் நொடியில் அதைப் பயன்படுத்துவது இன்னொன்று.

எழுத்து ஆய்வுக்காரர்களே 2020-இல் செய்த அடுத்த ஆய்வு எனக்கு இன்னும் முக்கியம். மேசையோரம் இருக்கும் ஆள் எழுத்தைப் பார்த்தாலும் சரி, வேறு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் சரி, விளைவு வந்தது. அவர் எங்கே இருக்கிறார் என்பதுதான் கணக்கு, எதைப் பார்க்கிறார் என்பது கணக்கில் வரவில்லை. அதனால் ‘அவர் கண் வழியாகப் பார்க்கிறோம்’ என்று சொல்ல மாட்டேன். அவர் இருக்கும் இடத்திலிருந்து நாம் பார்க்கிறோம், அவ்வளவுதான்.

#15 சிலேட்டுப்பலகை

இதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமே இல்லை. இந்த ஆய்வைப் பரிவுக்கும் கருணைக்கும் சான்றாகச் சிலர் எழுதுவதைப் படித்திருக்கிறேன், அதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒருவர் இருக்கும் இடத்திலிருந்து எழுத்து நிமிர்ந்து தெரிவதற்கும், அவர் மனசு நோகிறது என்று உணர்வதற்கும் நடுவே வெகு தூரம். முதலாவது தானாக வரலாம். இரண்டாவதைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசித்தான் வளர்க்க வேண்டியிருக்கிறது. லாரிக் கண்ணாடி விஷயத்தையும் சொல்லித்தான் கொடுக்க வேண்டும், கட்டாயம் சொல்கிறேன் அண்ணா.

ஆனால் முதலாவதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்கவும் மாட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்ட ஆளுக்கும் விளைவு வருகிறது என்றால், ஒரு மனித உடம்பு அங்கே இருப்பதே நமக்கு இன்னொரு பார்க்கும் இடத்தைத் திறந்துவிடுகிறது. விளக்கு அதை அந்த அளவுக்குச் செய்யவில்லையே!

கம்மாய்க்கரை ஐயா சொன்னதைக் கேட்ட பிறகு, எங்கள் பெற்றோர் கூட்டத்துக்கு வரும் பெரியவர்களிடம் தமிழ் எழுத்தை வைத்து இதைச் செய்து பார்க்க ஆசை. விருப்பம் சொல்பவர்களிடம் மட்டும். தேனீ, எப்படி அமைக்கலாம்?

#16 சந்தேகத்தேனீ

முதலில் எழுத்து. ‘ப’ வேண்டாம். இடமும் வலமும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால் புரட்டினாலும் ‘ப’தான். ‘ட’வும் வேண்டாம். புரட்டிய ‘ட’வைக் கால் சுற்று திருப்பினால் மறுபடி ‘ட’ போலவே நிற்கும், பதில் சொல்பவர் குழம்பிவிடுவார். ‘க’, ‘ழ’, எண்ணில் 4, இவை எந்தக் கோணத்திலும் புரட்டியது தெரியும்.

கையில் கடிகாரம் வைத்து அளக்க முடியாது. வித்தியாசம் நொடியில் சின்னப் பகுதிதான். மடிக்கணினியில் படங்களைக் காட்டி, பொத்தான் அழுத்தும் நேரத்தை அதுவே பதிவு செய்யும்படி இலவச மென்பொருள் இருக்கிறது, அமைத்துத் தருகிறேன். கோணம் எட்டு, ஆள் இடப்பக்கம், வலப்பக்கம், ஆள் இல்லாதது, ஆளின் இடத்தில் விளக்கு. எல்லாம் கலந்து வர வேண்டும், யாருக்கும் ஒரே வரிசையில் வரக்கூடாது. எழுத்துப் பழக்கம் குறைவானவர்களுக்குத் தனியாக ஒரு பயிற்சிச் சுற்று.

அப்புறம், எதை எதோடு ஒப்பிடப் போகிறோம் என்பதைத் தொடங்கும் முன்னே இந்த இழையிலேயே எழுதிவைத்துவிடுவோம். முடிவு வந்த பிறகு மாற்றக்கூடாது.

#17 சிலேட்டுப்பலகை

எழுதிவிட்டேன். ஒன்று: ஆள் பக்கம் நிமிர்ந்திருக்கும் எழுத்துக்கு ஆகும் நேரத்தையும், ஆள் இல்லாதபோது அதே கோணத்துக்கு ஆகும் நேரத்தையும் ஒப்பிடுவோம். இரண்டு: அதே ஒப்பீடு விளக்குக்கு. மூன்று: அன்றாடப் பேச்சில் திசை சொல்பவர்கள், இடம் வலம் சொல்பவர்கள் என்று இரண்டு குழு. யார் எந்தக் குழு என்பதைக் கேட்டு எழுதாமல், மேசையில் இருக்கும் டம்ளர் எங்கே இருக்கிறது என்று சொல்லச் சொல்லி அதை வைத்துப் பிரிப்போம். விளக்குக்கும் ஆளுக்கும் ஒரே அளவு வந்தால் நான் சொன்னது இங்கே நிற்கவில்லை என்று இதே இழையில் போடுவேன்.

சலங்கை, படத்தில் உட்கார ஒரு ஆள் வேண்டும். உங்களால் வர முடியுமா?

#18 சலங்கை

வருகிறேன். நாளைச் சொல்லுங்கள்.